நிக்லஸா, வுட்ஸா?

கோல்ஃப் ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இவர்களில் யார் பெரியவர் என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். மேஜர் பட்டங்களை, அதாவது ஆண்டுதோறும் நடக்கும் நான்கு பெரிய போட்டிகளில் வென்றவற்றை, எண்ணினால் ஜாக் நிக்லஸ் 18, டைகர் வுட்ஸ் 15. அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூர் வெற்றிகளில் கணக்கு தலைகீழ்: வுட்ஸ் 82, நிக்லஸ் 73.

நிக்லஸின் பலம், நீண்ட காலம் நீடித்து நின்றதுதான். 1962-இல் யு.எஸ். ஓபனில் முதல் மேஜர். கடைசியாக 1986-இல், 46 வயதில், மாஸ்டர்ஸ். நடுவே மேஜர்களில் 19 முறை இரண்டாமிடம்! தோற்ற கணக்குதான், ஆனால் என்னைக் கேட்டால் 18-ஐ விட இதுதான் மலைப்பு.

வுட்ஸ் வேறு ரகம். 1997 மாஸ்டர்ஸை 21 வயதில் 12 ஸ்ட்ரோக் (பந்தை அடிக்கும் அடி; குறைவாக அடித்தவரே வெல்வார்) வித்தியாசத்தில் வென்றார். 2000-இல் பெபிள் பீச்சில் நடந்த யு.எஸ். ஓபனில் 15 ஸ்ட்ரோக். அங்கே தொடங்கி 2001 மாஸ்டர்ஸ் வரை நான்கு மேஜர்களும் வரிசையாக அவர் கையில். நிக்லஸ் ஒருபோதும் இதைச் செய்ததில்லை. அப்புறம் உடம்பு ஒத்துழைக்கவில்லை. 2008 யு.எஸ். ஓபனை முழங்கால் தசைநார் கிழிந்த நிலையில், காலெலும்பு விரிசலோடு சமநிலையை முறிக்கும் பிளேஆஃப் வரை ஆடி ஜெயித்தார். அடுத்த மேஜருக்கு 2019 வரை, முதுகு அறுவை சிகிச்சைகளையும் தாண்டி, காத்திருக்க வேண்டியிருந்தது.

முழு வாழ்க்கைக் கணக்கு என்றால் என் ஓட்டு நிக்லஸுக்கு. ஒரே ஒரு ஆட்டம் பார்க்கலாம் என்றால், சரி, 2000-ஆம் ஆண்டு வுட்ஸ்தான்.