பரிசோதனையில் பழுது தெரிந்த படகு: விற்பவர் திருத்துவதா, விலையைக் குறைப்பதா?

யாழ்ப்பாணக் கரையோரத்தில், குருநகரிலோ பாசையூரிலோ மயிலிட்டியிலோ பழைய பைபர் படகொன்றை வெளியிணைப்பு இயந்திரத்துடன் வாங்கும்போது, பெரும்பாலும் விலை முதலில் பேசப்பட்டு, அச்சாரமும் கைமாறிய பின்னரே பரிசோதனை நடக்கிறது. பைபர் வேலை தெரிந்த ஒருவர் உடலைத் தட்டிப் பார்த்து, மெக்கானிக் ஒருவர் பிளக்குகளைக் கழற்றி அமுக்கத்தை அளந்து, பேச்சில் வராத பழுதுகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கும்போது, முடிந்ததாக நினைத்த பேரம் மறுபடியும் திறக்கிறது. அப்போது வாங்குபவர் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. விற்பவரையே திருத்தித் தரச் சொல்லலாம், விலையைக் குறைத்து வாங்கித் தாமே திருத்தலாம், முழு விலைக்கு ஒத்துக்கொண்டு ஒரு பகுதிப் பணத்தை நடுவர் ஒருவரிடம் பிடித்து வைக்கலாம், அல்லது விலகிக்கொள்ளலாம்.

இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதால் பயனில்லை. ஒரே படகில் உள்ள இரண்டு பழுதுகளுக்கு இரண்டு வெவ்வேறு வழிகள் பொருந்தக்கூடும். திருத்திய வேலையை, அது முடிந்த பிறகு, கண்ணாலோ அளவாலோ சரிபார்க்க முடியுமா என்பதே இங்கு முதற் கேள்வி என்பது என் கருத்து. செலவு எவ்வளவு என்பது அதற்கு அடுத்ததுதான்.

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். 23 அடிப் படகு, 40 குதிரைவலு மண்ணெண்ணெய் இயந்திரம், பேசிய விலை 15 இலட்சம் ரூபாய். பரிசோதனையில் இரண்டு பழுதுகள் தெரிகின்றன. இயந்திரம் பூட்டியிருக்கும் பின்பலகையைத் தட்டினால் நடுப்பகுதி மந்தமாக ஒலிக்கிறது; இயந்திரத்தின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் பின்பலகையும் சேர்ந்து அசைகிறது. அடுத்ததாக, கியர் ஒயில் பால்போல வெளுத்திருக்கிறது. முதலாவது, பைபர் தோலுக்குள் இருக்கும் பிளைவூட் நீரை உறிஞ்சி அழுகத் தொடங்கியதற்கான அடையாளம். இரண்டாவது, புரொப்பெல்லர் தண்டின் சீல் வழியாகவோ வேறு சீல் வழியாகவோ கடல்நீர் கியர்ப் பெட்டிக்குள் புகுந்திருப்பதைக் காட்டுகிறது.

கியர் ஒயில் விடயத்தில் விற்பவரே திருத்தித் தருவதில் தவறில்லை. சீலை மாற்றி, புதிய ஒயில் விட்டு, படகைக் கடலில் இறக்கிப் போதிய நேரம் ஓட்டி, கரையேற்றி, அடியிலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்திப் பார்த்தால், நீர் இன்னும் புகுகிறதா என்பது தெரிந்துவிடும். ஒயிலோடு வெளிவரும் உலோகத் துகள்களைப் பார்த்தால், நீரோடு நெடுநாள் ஓடியதால் பற்சக்கரமும் பெயரிங்கும் கெட்டிருக்கின்றனவா என்பதும் ஓரளவு புலப்படும். சிலிண்டர்களின் அமுக்கம், முழு வேகத்தில் இயந்திரம் எட்டும் சுழற்சி, குளிர்விக்கும் நீர் சீராக வெளியேறுவது ஆகியவையும் அளந்து பார்க்கக்கூடியவை. இரண்டு சிலிண்டர்களுக்கிடையில் அமுக்க வேறுபாடு 10 சதவீதத்தைத் தாண்டினால் காரணம் கேட்கவேண்டும் என்பது மெக்கானிக்குகள் பின்பற்றும் வழமை. விற்பவர் மலிவான வேலை செய்திருந்தால் இந்தச் சோதனைகளே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பின்பலகை அப்படியல்ல. அதைச் சரியாகத் திருத்துவதென்றால் உள்பக்கத் தோலை வெட்டி அகற்றி, ஈரமான பலகை முழுவதையும் எடுத்து, எஞ்சியதை நன்றாக உலரவிட்டு, புதிய மரைன் பிளைவூட்டை ஒட்டி, பழைய பைபரின் விளிம்பை அதன் தடிப்பைப் போல ஏறக்குறைய 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, அதன்மேல் மேட் எனும் கண்ணாடியிழை விரிப்பையும் அதை இறுக்கும் ரெசினையும் அடுக்கடுக்காக ஏற்றவேண்டும். இறுகிப்போன பழைய பொலியெஸ்டர் ரெசின் மீது புதிய ரெசின் இரசாயன முறையில் பெரிதாகப் பிணைவதில்லை. தேய்த்த பரப்பின் பிடிப்பை நம்பியே அது நிற்கிறது. ஆகவே தேய்ப்பைக் குறைத்தாலும், ஈரத்தோடு மூடினாலும், சில மாதங்களில் ஒட்டு விட்டுப்போகும். குறுக்கு வழியோ மிக இலகு: வெளியே நாலைந்து துளையிட்டு ரெசினை ஊற்றி, ஜெல்கோட் எனும் மேற்பூச்சைப் பூசி, மேலே புதுப் பெயின்ற் அடித்தால் ஒரே கிழமையில் படகு புதிதுபோல நிற்கும். இரண்டையும் அருகருகே வைத்தாலும், பெயின்ற் காய்ந்த பிறகு வித்தியாசம் கண்டுபிடிப்பது அனுபவசாலிக்கே கடினம். கையைவிட்டுப் போகப்போகும் படகுக்கு நீண்டகால வேலை செய்ய விற்பவருக்கு என்ன தேவை இருக்கிறது? அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை; செலவு அவருடையது, பலன் இன்னொருவருடையது, அவ்வளவுதான்.

ஆனால் சட்டம் தரும் ஒரு பாதுகாப்பு, விற்பவரே திருத்தித் தரும் வழியில்தான் இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். இலங்கையின் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, பொருளைக் கையளிக்கத்தக்க நிலைக்குக் கொண்டுவர விற்பவர் ஏதாவது செய்யவேண்டியிருந்தால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, அது செய்து முடிக்கப்பட்டு வாங்குபவருக்கு அறிவிக்கப்படும்வரை உரிமை கைமாறுவதில்லை. இழப்பின் ஆபத்தும் பொதுவாக உரிமையோடு சேர்ந்தே செல்கிறது. திருத்தவேலை நடக்கும் நாட்களில் கடல் பொங்கிப் படகை இழுத்துச் சென்றாலோ, இயந்திரம் களவுபோனாலோ, நட்டம் விற்பவருடையதாகவே இருக்கும். விலையைக் குறைத்து அன்றே வாங்கிவிட்டால் அந்த ஆபத்து அன்று மாலையே வாங்குபவரின் தலையில் ஏறிவிடுகிறது.

விலைக்குறைப்பின் பெரிய நன்மை, வேலை வாங்குபவரின் கையில் இருப்பதுதான். காரைநகரிலோ குருநகரிலோ தமக்கு நம்பிக்கையான பைபர் வேலையாளைத் தாமே தெரிவு செய்யலாம். பலகையைத் தாமே வாங்கிக் கொடுக்கலாம். உள்தோல் வெட்டப்பட்ட நாளில் அருகில் நின்று ஈரம் எதுவரை போயிருக்கிறது என்று பார்க்கலாம். மூடப்பட்டால் மறைந்துவிடும் வேலைக்கு இதைவிடச் சிறந்த காவல் கிடையாது.

குறை என்னவென்றால், குறைக்கப்படும் தொகை எப்போதும் ஊகமே. நம் எடுத்துக்காட்டில் பின்பலகைக்கு 2 இலட்சம் என்று மதிப்பிட்டு, விலை 13 இலட்சமாக இறங்கியது என்று வையுங்கள். வெட்டிப் பார்த்தபோது அழுகல் அடித்தளத்து நீள்சட்டங்களுக்கும் பரவியிருந்து செலவு 3.5 இலட்சமானால், மேலதிக 1.5 இலட்சமும் வாங்குபவருடையது. பின்னர் முறையிடவும் இடம் குறைவு: மேற்சொன்ன அதே சட்டம், வாங்குபவர் பரிசோதித்துப் பார்த்த பொருளில் அந்தப் பரிசோதனை வெளிப்படுத்தியிருக்க வேண்டிய குறைகளுக்கு உட்கிடையான (எழுதாமலே அடங்கியிருக்கும்) உத்தரவாதம் இல்லை என்கிறது. பழுதைக் கண்டு, அதற்காகவே விலையைக் குறைத்து வாங்கிய ஒருவர் அதே பழுதைக் காட்டி நீதிமன்றப் படியேறுவது வீண் வேலை.

ஆகவே விலைக்குறைப்பைக் கேட்பதற்கு முன்னர், திறந்து பார்க்கும் அனுமதியைக் கேட்பது நல்லது. பின்பலகையின் உட்பக்கத்தில், கீழ் ஓரத்தில், சிறிய துளையிட்டு வெளிவரும் தூளைப் பார்த்தால் போதும். வெளிறிய, காய்ந்த தூள் வந்தால் மந்த ஒலிக்கு வேறு காரணம் தேடலாம். ஈரமான, கபில நிறத் தூள் வந்தால் அழுகல் உறுதி. இரண்டு மூன்று இடங்களில் இவ்வாறு பார்த்தால் பரப்பளவும் ஓரளவு பிடிபடும். ஈரமானியின் எண்களை மட்டும் நம்பவேண்டாம். உப்பு படிந்த பரப்பிலும் அருகில் உலோகம் உள்ள இடத்திலும் அது தவறான அளவைக் காட்டும். துளைகளை வாங்குபவர் தம் செலவில் அடைத்துத் தருவதாக எழுதிக் கொடுத்தும் விற்பவர் மறுத்தால், அந்த மறுப்பையே ஒரு பரிசோதனை முடிவாக எடுத்துக்கொள்ளலாம்.

கடன் எடுத்து வாங்குபவருக்கு இன்னுமொரு சிக்கல் உண்டு. விலை குறைந்தால் கடனும் குறையும். திருத்தும் செலவோ கைக்காசாக வேண்டும். 13 இலட்சத்துக்குப் படகு கிடைத்து, பின்பலகை வெட்டிய நிலையில் முற்றத்தில் மாதக்கணக்காகக் கிடப்பது இங்கு புதிதல்ல. அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாரியில் வாங்கினால் நிலைமை இன்னும் மோசம். வாடைக்கடலில் தொழில் குறைவதால் விலை இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் பலகை உலராது, ஈரக்காற்றில் ரெசினும் ஒழுங்காக இறுகாது, வேலை தை மாதத்துக்குத் தள்ளிப்போகும். மாரியில் விலை பேசி, தையில் திறந்து பார்த்து வாங்குவதே பைபர்ப் பழுதுள்ள படகுக்கு நான் சொல்லும் ஒழுங்கு.

பணத்தைப் பிடித்து வைக்கும் மூன்றாவது வழி மேற்கு நாடுகளின் உல்லாசப் படகு விற்பனையில் வழமையானது. அங்கே தரகரின் நம்பிக்கைக் கணக்கிலோ சட்டத்தரணியிடமோ தொகை நிற்கும். இங்கே அதற்கு ஈடாகச் சட்டத்தரணி ஒருவரையோ, இரு தரப்புக்கும் பொதுவான கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கப் பொறுப்பாளர் ஒருவரையோ வைத்துக்கொள்ளலாம். நாட்பட்டுத்தான் வெளிவரும் பழுதுக்கு இது பொருத்தமானது: ஏராவுக்கு (படகின் அடிமுதுகுக்கு) அருகில் எங்கிருந்தோ கசியும் நீர், சூடேறினால் மட்டும் தடுமாறும் இயந்திரம், கரையில் நெடுங்காலம் நின்ற இயந்திரத்தின் உள்துரு போன்றவை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியதைச் சுற்றிய காலத்தில் தொழிலுக்குப் போகாமல் நின்ற இயந்திரங்கள் இன்றும் சந்தைக்கு வரக்கூடும் என்பதால், கடைசிச் சந்தேகத்தை இலேசாக எடுக்கவேண்டாம்.

ஆனால் இந்த வழி எழுத்தின்றி நடக்காது. எந்தப் பழுதுக்காக எவ்வளவு பணம், அது தீர்ந்ததா இல்லையா என்று சொல்லப்போகும் மெக்கானிக் யார், எந்தத் திகதிக்குள், திகதி கடந்தால் பணம் யாருக்கு என்ற நான்கும் தாளில் இல்லாவிட்டால், கடைசியில் நடுவராக நின்றவர்தான் இரு பக்கமும் ஏச்சு வாங்குவார். பிடித்து வைக்கும் தொகை மதிப்பீட்டைவிட அதிகமாக, ஒன்றரை மடங்களவில் இருப்பது நியாயம். சரிசமமாக இருந்தால் அதை விட்டுவிட்டுப் போவதே விற்பவருக்கு இலகுவாகிவிடும். அடுத்த படகுக்குப் பணம் கட்டவேண்டிய விற்பவர் இதற்கு எளிதில் உடன்படமாட்டார் என்பதும் உண்மை.

ஆக, நம் எடுத்துக்காட்டுப் படகில் நான் இரண்டையும் கலப்பேன்: கியர்ப் பெட்டியை விற்பவர் திருத்திக் கடலில் ஓட்டிக் காட்டவேண்டும், பின்பலகைக்குத் துளையிட்டுப் பார்த்த பிறகு விலையைக் குறைத்து நானே திருத்துவேன். பின்பலகையையும் விற்பவர்தான் திருத்துவார் என்றால், உள்தோல் வெட்டிய நிலை, புதிய பலகை வைத்த நிலை, மேட் ஏற்றும் நிலை என மூன்று கட்டத்திலும் வாங்குபவரோ அவருடைய ஆளோ பார்த்த பிறகே மூடவேண்டும் என்று எழுதிக்கொள்ளவேண்டும். வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் பணம் அனுப்பி ஊரிலிருக்கும் தம்பி வாங்கும் படகுகளில், வட்ஸ்அப்பில் வரும் பளபளப்பான கடைசிப் படத்தைவிட இந்த மூன்று கட்டங்களிலும் எடுக்கும் படங்கள் பெறுமதியானவை.

விலகவேண்டிய இடம் எது? நீள்சட்டங்களும் பின்பலகையும் ஒன்றாக அழுகியிருந்தால், திருத்தும் செலவு உடலின் பெறுமதியைத் தொட்டுவிடும். இயந்திரத்தை மட்டும் தனியாக விலை கேட்கலாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் அவசரமாகக் கட்டி வழங்கப்பட்ட படகுகளிற் பல தரக்குறைவானவை என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் அப்போதே கவலை தெரிவித்திருந்தது. அக்காலத்து உடல் என்றால் அடுக்குகளின் தடிப்பையும் பார்க்கவேண்டும். அணியத்தில் (படகின் முன்பகுதியில்) எழுதியுள்ள பதிவெண்ணும் கடற்றொழில் திணைக்களப் பதிவும் பொருந்தாவிட்டால், எந்த விலைக்குறைப்பும் அதற்கு மருந்தல்ல.

விலகும்போது அச்சாரம் திரும்பவேண்டுமானால், அதைக் கொடுக்கும் நாளிலேயே பற்றுச்சீட்டில் இரண்டு வரி சேர்த்திருக்கவேண்டும்: பரிசோதனையும் கடலோட்டமும் வாங்குபவருக்குத் திருப்தியாக இல்லாவிட்டால் குறித்த திகதிக்குள் அறிவித்து விலகலாம் என்பதும், அப்போது முழு அச்சாரமும் எத்தனை நாளில் திருப்பித் தரப்படும் என்பதும்.