ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸில் இடம் பார்ப்பது: எரிமலையை விடச் சுண்ணாம்புக்கல்லே மேல்

ஸாக் ஆடம்ஸ், டார்ன் ஆடம்ஸ் என்ற அண்ணன் தம்பி இருவரும் உருவாக்கிய ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்ற கணினி கேம் 2006-ல் வெளிவந்தது. வெறும் எழுத்துக் குறிகளாகத் தெரிந்த அந்த உலகம், 2022 டிசம்பரில் படங்களோடு ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளத்துக்கு வந்தது. இரண்டு வடிவத்திலும் வருடக்கணக்கில் விளையாடியவன் என்ற முறையில் எழுதுகிறேன். கேம் முதலில் ஒரு முழு உலகத்தையும் அதன் வரலாற்றையும் உருவாக்கும். பிறகு ஏழு குள்ளர்களை நம் கையில் கொடுத்து, எங்கே குடியேறப் போகிறீர்கள் என்று கேட்கும். கோட்டையின் தலையெழுத்தில் பாதி அந்தத் திரையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

புதிதாக வருபவர்களுக்கு அடிக்கடி கிடைக்கும் யோசனை, எரிமலை உள்ள இடமாகப் பார் என்பது. அதில் நியாயம் இருக்கிறது. எரிமலை இல்லாத இடத்தில், குகை அடுக்குகளை எல்லாம் தாண்டி அடியாழத்து மேக்மா கடல், அதாவது உருகிய பாறைக் குழம்பு, வரை தோண்ட வேண்டும். எரிமலை இருந்தால் மேக்மா மேலேயே கிடைக்கும், உலைக்கு எரிபொருள் தேட வேண்டாம். ஆனால் நெடுநாள் ஓடும் கோட்டைக்கு எது வேண்டும் என்று கேட்டால், என் பதில் சுண்ணாம்புக்கல் போன்ற படிவுப் பாறைதான்.

காரணம் எஃகு. பெரிய முற்றுகையில் குள்ளர்களை உயிரோடு வைத்திருப்பது எஃகுக் கவசம். அதற்கு முதலில் இரும்பை ஃபிளக்ஸ் கல்லோடும் (உருக்கும்போது சேர்க்கும் சுண்ணாம்பு வகைக் கல்) கரியோடும் சேர்த்து உருக்கி, எஃகுக்கு முந்தைய கட்டமான பிக் அயர்ன் எடுக்க வேண்டும். அப்புறம் அந்த பிக் அயர்னோடு இன்னொரு இரும்புக் கட்டி, மறுபடி ஃபிளக்ஸ், மறுபடி கரி. மேக்மா உலையாகவே இருந்தாலும் இந்த இரண்டு கட்டத்திலும் கரி தேவை, ஏனென்றால் அங்கே கரி எரிபொருள் மட்டுமல்ல, மூலப்பொருளும்கூட. எரிமலை மிச்சப்படுத்துவது பாதிச் செலவைத்தான்.

படிவுப் பாறை அடுக்கில் எல்லாம் ஒன்றாகக் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஹெமடைட், மேக்னடைட், லிமோனைட் என்ற மூன்று இரும்புத் தாதுக்களும் அங்கே வரும். நிலக்கரியும் லிக்னைட் என்ற பழுப்பு நிலக்கரியும் அங்கேதான். சுண்ணாம்புக்கல், சாக், டோலமைட் மூன்றுமே ஃபிளக்ஸ் கற்கள். அந்த அடுக்கே ஃபிளக்ஸாக இருந்தால் தீரவே தீராது. சலவைக்கல்லும் ஃபிளக்ஸ்தான், ஆனால் அது உருமாறிய பாறை, அந்த அடுக்கில் நிலக்கரியைத் தேடிப் பயனில்லை. இடம் தேடும் கருவியில் ஃபிளக்ஸ் வேண்டும், அதிக ஆழமில்லாமல் உலோகம் வேண்டும் என்று இரண்டை மட்டும் கொடுத்துத் தேடுங்கள். நான் வேறு எதையும் கட்டாயமாக்குவதில்லை.

அடுத்தது தண்ணீர். குள்ளர்கள் சாராயம் குடித்தே வாழ்ந்துவிடுவார்கள் என்று சிலர் ஆற்றைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அடிபட்டுப் படுத்திருப்பவருக்குக் கொடுப்பது தண்ணீர் மட்டும்தான், காயத்தைக் கழுவவும் அதுதான். உறைபனிப் பிரதேசத்தில் ஆறு இருந்தும் வருடத்தின் பெரும்பகுதி அது பனிக்கட்டி.

ஆறு இல்லாவிட்டாலும் அக்விஃபர், அதாவது நீரடுக்கு, உள்ள இடத்தை நான் விரும்பியே எடுப்பேன், அது லேசான வகையாக இருந்தால். பலர் அந்தச் சொல்லைப் பார்த்ததும் அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறார்கள். லேசான நீரடுக்கில் தண்ணீர் மெதுவாகத்தான் கசியும். படிக்கட்டைத் தோண்டிக்கொண்டே போகும்போது ஈரம் தென்பட்டது என்று வேலை நிற்கும். மறுபடி கட்டளை கொடுங்கள். சுற்றிலும் கல்லாக இருந்தால் சுவரை இழைத்து வழவழப்பாக்கினால் போதும், கசிவு நின்றுவிடும். மண்ணாக இருந்தால் இழைக்க முடியாது. படிக்கட்டைச் சுற்றி ஒரு கட்டம் அகலத்துக்குத் தோண்டி, அந்த இடத்தில் கல் சுவர் எழுப்ப வேண்டும். தளத்துக்குத் தளம் இதைச் செய்து இறங்கிவிட்டால், கோட்டைக்குள்ளேயே வற்றாத கிணறு. எதிரி வாசலில் நிற்கும்போது வாளியோடு வெளியே ஓட வேண்டியதில்லை. கனமான நீரடுக்கு வேறு விஷயம். அங்கே சுவர் கட்டுவதற்குள் தண்ணீர் நிரம்பிவிடும். அனுபவம் சேரும்வரை அதைத் தவிர்ப்பதே நல்லது.

நிலத்தின் அளவில் ஆசைப்பட வேண்டாம். இடம் பார்க்கும் திரையில் 4×4 சதுரம் எடுத்தால், உள்ளே ஒவ்வொரு பக்கமும் 192 கட்டம் நீளம். நான் பெரும்பாலும் 3×3 எடுக்கிறேன். கோட்டையில் ஆள் கூடக் கூட கேம் மெதுவாகும், பரப்பு குறைவாக இருந்தால் கணினிக்குச் சுமை குறையும். ஒரே நிலப்பரப்புக்குள் இரண்டு மூன்று வகை நிலம் சந்திக்கலாம் என்பதால் ஒவ்வொன்றின் விவரத்தையும் தனித்தனியாகப் பார்த்துவிடுங்கள். ஒரு மூலை மட்டும் தீய நிலமாக இருந்தாலும், அங்கே செத்தது எழுந்து வரும் வகையாக இருந்தால் நிம்மதி போய்விடும். கசாப்புக்குப் பிறகு மிஞ்சிய தோல்கூட எழுந்து தாக்கும்.

கடைசியாக அக்கம்பக்கம். மனிதர்களும், எல்ஃப்கள் என்ற காட்டுவாசி இனமும் எட்டும் தூரத்தில் இருந்தால், வசந்தத்தில் எல்ஃப்கள், கோடையில் மனிதர்கள், இலையுதிர் காலத்தில் நம் குள்ளர்கள் என்று வருடத்துக்கு மூன்று வணிகக் கூட்டம் வரும். காப்ளின்கள் என்ற எதிரி இனம் அந்த இடத்தின் அண்டையார் பட்டியலில் இருந்தால் முற்றுகை வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃகு செய்ய வழி இருக்கும்போது அது விளையாட்டின் சுவையைக் கூட்டுகிறது, நான் அவர்களைத் தவிர்ப்பதில்லை. அதே பட்டியலில் கோபுரம் என்று போட்டிருந்தால் பக்கத்தில் பிணங்களை எழுப்பும் மந்திரவாதி இருக்கிறான். முதல் கோட்டைக்கு அந்த இடம் வேண்டாம், மேப்பில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள்.