மூன்று வருடம், ஒரு சிபாப் மெஷின், நான்கு மாஸ்க்

2022 ஆகஸ்டில் என் ஸ்லீப் ஸ்டடி (தூக்கத்தில் மூச்சை அளக்கும் பரிசோதனை) ரிப்போர்ட் கைக்கு வந்தது. ஏஎச்ஐ 41. தூங்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் சராசரியாக 41 தடவை மூச்சு முழுதாக நின்றிருக்கிறது அல்லது வெகுவாகக் குறைந்திருக்கிறது என்று பொருள். 5க்குக் கீழே இருந்தால் பிரச்சினையில்லை, 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதைத் தாண்டினால் தீவிரம். ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு கட்டத்தில் 76 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. எனக்குத்தான் அதிர்ச்சி. மனைவி ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு வருஷமா இதைத்தாங்க சொல்லிட்டிருக்கேன்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். தாத்தா, அப்பா, நான் என்று மூன்று தலைமுறையாகக் குறட்டையை ஒரு குடும்பச் சொத்து மாதிரி வைத்திருந்தோம். அதற்குள் இப்படி ஒன்று ஒளிந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தூக்கத்தில் இப்படி மூச்சு தடைபடுவதற்கு ஸ்லீப் அப்னியா என்று பெயர். அதற்கு டாக்டர் ஆட்டோ சிபாப் எழுதிக் கொடுத்தார்; மாஸ்க் வழியே காற்றை ஊதும் மெஷின் அது. அப்புறம் நான் செய்ததைத்தான் முதல்முறை வாங்குகிற எல்லோரும் செய்கிறார்கள்: மூன்று வாரம் மெஷின்களை ஒப்பிட்டேன். எது சத்தம் குறைவு, எதில் திரை பெரிது, எதற்கு வாரண்டி அதிகம் என்று ஒரு நோட்டில் கட்டம் போட்டுக்கூட எழுதினேன். மாஸ்க்கைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. மெஷினோடு ஏதோ ஒன்று தருவார்கள், மாட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்திருந்தேன்.

மூன்று வருடம் கழித்துச் சொல்கிறேன், அந்த நோட்டில் முக்கால்வாசி வீண். மெஷின் என்பது அடிப்படையில் சீரான அழுத்தத்தில் காற்றை ஊதுகிற ஒரு ஊதி. தொண்டைக்குள் தசை தளர்ந்து மூச்சுப்பாதை ஒட்டிக்கொள்ளாமல் அந்தக் காற்று உள்ளிருந்து முட்டுக்கொடுக்கிறது, அவ்வளவுதான். 1981இல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் இதை முதன்முதலில் நோயாளிகளுக்குக் கொடுத்துக் காட்டினார். ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு நோயாளியின் மூக்குக்கும் தனித்தனியாக அச்செடுத்து மாஸ்க் செய்து, அதைத் தினமும் இரவு சிலிக்கான் பசையால் முகத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்ததாம். காற்றை ஊதுவது அன்றைக்கே கைவந்துவிட்டது. முகத்தில் கசியாமல் நிறுத்துவதுதான் பெரும்பாடு. இன்றைக்கும் நிலைமை அதேதான்.

நான் வாங்கியது ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10 ஆட்டோசெட். அதில் எனக்குத் தேவைப்பட்ட மூன்று விஷயங்கள் இருந்தன. அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைப்பது. காற்றை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபையர் உள்ளேயே இருப்பது. இரவு முழுதும் நடந்ததை எஸ்டி கார்டில் பதிந்து வைப்பது. மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். ஓடிய மணி நேரக் கணக்கை மட்டும் காட்டுகிற மலிவு மெஷினில், சிகிச்சை வேலை செய்கிறதா இல்லையா என்று உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. கார்டைக் கம்ப்யூட்டரில் செருகி ஆஸ்கார் என்ற இலவச மென்பொருளில் பார்த்தால் எத்தனை மணிக்கு மூச்சு நின்றது, எப்போது காற்று கசிந்தது எல்லாம் கோடு கோடாகத் தெரியும்.

பழைய மெஷின் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 ஜூனில் பிலிப்ஸ் தன்னுடைய பல மாடல்களைத் திரும்பப் பெற்றது. சத்தத்தை அடக்க உள்ளே வைத்திருந்த நுரை சிதைந்து, துகள்கள் காற்றோடு வரக்கூடும் என்பது காரணம். யாராவது பாதி விலைக்குத் தள்ளுகிறார்கள் என்றால் மாடலையும் சீரியல் நம்பரையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

சரி, மாஸ்க்குக்கு வருகிறேன்.

டீலர் மெஷினோடு கொடுத்தது மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற ஃபுல் ஃபேஸ் மாஸ்க், மீடியம் சைஸ். கடையில் நாற்காலியில் உட்கார வைத்து மாட்டிவிட்டு, "கரெக்டா இருக்கு சார்" என்றார் அந்தப் பையன். உட்கார்ந்திருக்கும்போது எல்லாமே கரெக்டாகத்தான் இருக்கும். படுத்ததும் கன்னம் சரிகிறது, தாடை பின்னால் போகிறது, மாஸ்க் நகர்கிறது. அதோடு எனக்கு மீசை உண்டு, அதுவும் கொஞ்சம் தாராளமாக. மேலுதட்டின் மீது மாஸ்க் உட்காரும் இடத்தில் காற்று பீய்ச்சி நேரே கண்ணுக்குள் அடித்தது. நான் பட்டையை இறுக்கினேன். கசிவு கூடியது. இன்னும் இறுக்கினேன். காலையில் மூக்குத் தண்டில் சிவப்புத் தழும்போடு ஆபீஸ் போனேன். சிலிக்கான் விளிம்பு காற்றில் லேசாக உப்பி முகத்தில் படிய வேண்டும். இறுக்கினால் அது மடங்கிக் கசியும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மீசையை எடுத்துவிடச் சொன்னார்கள். அந்தப் பேச்சு வீட்டில் ஒரு நாள் ஓடி, அன்றே முடிந்தது.

முதல் மூன்று வாரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மாட்டிய இரவுகள் குறைவு. தூக்கக் கலக்கத்தில் நானே பிடுங்கி எறிந்திருப்பேன். அழுத்தமும் ஒரு காரணம். வந்தபடியே 4 முதல் 20 வரை (சிபாப் அழுத்தத்தை அளப்பது சென்டிமீட்டர் நீர் கணக்கில்) திறந்து விடப்பட்டிருந்தது. 4இல் ஆரம்பித்தால் என்னைப் போன்ற ஆளுக்குக் காற்று போதாமல் மூச்சு முட்டும். டாக்டர் கார்டைப் பார்த்துவிட்டு 8 முதல் 13 என்று சுருக்கினார். மூச்சை வெளியே விடும்போது அழுத்தத்தைக் குறைக்கிற வசதியை 2இல் வைத்தார். அன்றைக்கு இரவே வித்தியாசம் தெரிந்தது. அழுத்தத்தை நீங்களே மாற்றிப் பார்க்க ஆசை வரும். டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள்.

இரண்டாவது, மூக்கை மட்டும் மூடும் நேசல் மாஸ்க். கசிவு பாதியானது, மூக்குத் தண்டு வலி போகவில்லை. மூன்றாவதுதான் நாசித் துவாரத்தில் செருகி உட்காரும் நேசல் பில்லோ. பார்த்தால் இரண்டு குட்டிப் புனல் மாதிரி இருக்கும். இதுவா என் மூக்கில் நிற்கப்போகிறது என்று சிரித்தேன். அதனுடனேயே மூன்று சைஸ் ரப்பர் வந்தது. மீடியத்தைப் போட்டு ஒரு வாரம் துவாரம் புண்ணானது. சின்னதுதான் உறுத்தாது என்பது என் கணக்கு. மனைவிதான், "பெருசைப் போட்டுப் பாருங்களேன்" என்றாள். லார்ஜ் சரியாகப் பொருந்தியது. மீசைக்கும் இடமிருந்தது. அந்த மாதக் கடைசியில் ஏஎச்ஐ 2.3.

ஆனால் இது எல்லோருக்கும் ஒத்துவராது. வாயால் மூச்சுவிடுகிறவர்களுக்குக் காற்று மூக்கில் புகுந்து வாய் வழியே போய்விடும், காலையில் நாக்கு பாலைவனமாகிவிடும். எனக்கும் சளி பிடித்த நாளில் அந்த முதல் ஃபுல் ஃபேஸ்தான் துணை. அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. நான்காவதாக வாங்கியது அதே பில்லோ மாடல், ரப்பர் தளர்ந்துபோனதால். மெஷின் ஒருமுறைச் செலவு; மாஸ்க் திரும்பத் திரும்ப வரும் செலவு. என் இன்ஷூரன்ஸ் இரண்டுக்கும் பைசா தரவில்லை. எனவே பட்ஜெட் போடும்போது விலை உயர்ந்த மெஷினில் முழுப் பணத்தையும் கொட்டிவிடாதீர்கள். வாடகைக்கு மெஷின் கிடைத்தால் ஒரு மாதம் எடுத்துப் பார்க்கலாம், மாஸ்க் மட்டும் புதிதாக உங்களுடையதாக இருக்கட்டும்.

அன்றாடம் சில சங்கதிகள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு படுத்தால் பட்டை வழுக்கும், எண்ணெய் முகத்தில் ரப்பரும் சீக்கிரம் கெடும். எங்கள் போர் தண்ணீரை ஹியூமிடிஃபையரில் ஊற்றிய இரண்டே நாளில் தொட்டியில் வெள்ளைப் படிவு. அதிலிருந்து டிஸ்டில்ட் வாட்டர்தான். ஏசி அறையில் டியூப் குளிர்ந்து, ஈரம் தண்ணீராகத் திரண்டு விடியற்காலையில் மூக்கில் தெறிக்கும். சூடேறும் டியூப் வாங்கியதும் நின்றது. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தாங்குகிறது, ஆனால் சூடேற்றுவதை நிறுத்திவிடுவேன். மின்சாரத்தில் பெரும்பங்கைக் குடிப்பது அதுதான். ரயிலில் ஒருமுறை நம்பி ஏமாந்தேன். இரவு 11 மணிக்கு மேல் சார்ஜிங் பாயிண்டில் மின்சாரத்தை நிறுத்துவது உண்டு என்று தெரியாமல் மாட்டிக்கொண்டு படுத்தேன். அதற்கப்புறம் பெட்டி முழுதும் கேட்டது எங்கள் குடும்பச் சொத்து. இப்போதெல்லாம் பகல் ரயில்தான்.

போன மாதம் மச்சானுக்கும் ஸ்லீப் ஸ்டடி நடந்தது. ஏஎச்ஐ 28. "மாமா, எந்த மெஷின் வாங்கறது?" என்று போன் செய்தான். கடைக்குக் கூடவே போனேன். அங்கே கட்டில் இல்லை. மேனேஜரிடம் பேசி, பின்னாலிருந்த பெஞ்சில் அவனைப் படுக்க வைத்து, மெஷினை 10இல் ஓடவிட்டு, இடப்பக்கம் வலப்பக்கம் புரளச் சொல்லி ஐந்து மாஸ்க் மாட்டிப் பார்த்தோம். முக்கால் மணி நேரம் ஆனது. அவன் வாய் திறந்து தூங்குகிறவன், மீசையும் கிடையாது. எனக்கு ஆகாத அதே ஃபுல் ஃபேஸ் அவனுக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. மெஷினைத் தேர்ந்தெடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.