வேலையில் இருந்துகொண்டே கரஸில் எம்.ஏ. பொது நிர்வாகம்: தொண்டு நிறுவனக்காரர்களுக்கு உதவுமா?

திண்டுக்கல் பக்கம் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். களப்பணியாளராகச் சேர்ந்தேன், இப்போது திட்ட ஒருங்கிணைப்பாளர். போன வருடம்தான் கரஸில், அதாவது தொலைநிலைக் கல்வியில், எம்.ஏ. பொது நிர்வாகம் முடித்தேன். அதிலிருந்து எங்கள் வட்டாரத்தில் வேலை பார்க்கிற பெண்கள் ஆளாளுக்குப் போன் போட்டு, “அக்கா, அது படிச்சா பிரயோஜனம் இருக்கா, நானும் கட்டவா?” என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேசுவதற்குப் பதில் இங்கே எழுதிவிடுகிறேன்.

பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பாடத்திட்டம் பெரும்பாலான இடங்களில் ஏறக்குறைய ஒன்றுதான், நான் சொல்ல வருவதும் படிப்பைப் பற்றித்தான்.

முதலில் ஒரு குழப்பம். இதே படிப்பைச் சில இடங்களில் ‘மாஸ்டர் ஆஃப் பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன்’ என்று தருகிறார்கள், அதைச் சுருக்கித் தமிழில் எழுதினாலும் எம்.பி.ஏ.தான், பிசினஸ் படிப்பைச் சுருக்கினாலும் எம்.பி.ஏ.தான். என் மாமியார் முதல் ஒரு வருடம் நான் கம்பெனி மேனேஜர் ஆகப் படிக்கிறேன் என்றே அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். விண்ணப்பம் போடும்போது பாடத்தின் முழுப் பெயரைப் பார்த்துப் போடுங்கள்.

முதல் வருடம் பெரும்பாலும் கோட்பாடு. 1887இல் உட்ரோ வில்சன் எழுதிய கட்டுரையில் ஆரம்பித்து, மாக்ஸ் வெபர் சொன்ன அதிகாரவர்க்க அமைப்பு, லூதர் கூலிக் 1937இல் தந்த ‘போஸ்ட்கார்ப்’ (நிர்வாகியின் ஏழு வேலைகளின் முதல் எழுத்துச் சுருக்கம்) என்று வரிசையாக வரும். முதல் இரண்டு மாதம் எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை, ராத்திரி பத்து மணிக்குப் பாத்திரம் கழுவிவைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால் கண் சொக்கும். ஹெர்பர்ட் சைமன் பாடம் வந்த பிறகுதான் விழித்துக்கொண்டேன். 1978இல் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு வாங்கியவர். எந்த அதிகாரிக்கும் எல்லாத் தகவலும் எல்லா நேரமும் கையில் இருக்காது, அதனால் இருப்பதிலேயே சிறந்ததைத் தேடிக்கொண்டே இருக்க மாட்டார், ‘இது போதும்’ என்று தோன்றுகிற இடத்தில் நின்று முடிவெடுத்துவிடுவார் என்கிறார். இதைப் படித்ததும் எங்கள் நிர்வாகக் குழுக் கூட்டம் அப்படியே கண்ணுக்கு முன் வந்தது. போர்வெல் போட மூன்று கொட்டேஷன் வாங்குவோம், மூன்றையும் யாரும் முழுசாகப் படிக்க மாட்டார்கள், தெரிந்த ஆள் பெயர் இருக்கிற தாளில் கை நிற்கும். அப்புறம் நான் செய்த வேலை என்னவென்றால், மூன்று கொட்டேஷனையும் ஒரே தாளில் கட்டம் போட்டு ஆழம், குழாய், மீட்டருக்கு விலை என்று பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் முடிவு ஆனது, அதுவும் சரியான முடிவு.

இரண்டாம் வருடத்தில்தான் இந்தப் படிப்பின் உயிர் இருக்கிறது. உள்ளாட்சி, பொதுக் கொள்கை, மின் ஆளுமை, பேரிடர் மேலாண்மை. இதில் உள்ளாட்சித் தாளுக்காக மட்டுமே கூட இந்தப் படிப்பைச் சேரச் சொல்வேன். ஊராட்சிகளுக்கு அரசியல் சட்ட அங்கீகாரம் தந்த 73ஆவது திருத்தம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடியவை என்று பதினொன்றாம் அட்டவணையில் இருக்கும் 29 பொருள்கள், 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் எல்லாம் எனக்குப் பெயரளவில் தெரியும், பயிற்சிக் கூட்டங்களில் நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் ஊராட்சிக்குள் பணம் எப்படி வருகிறது, எந்தக் கணக்கில் வருகிறது, அதை எதற்குச் செலவழிக்கலாம் எதற்குக் கூடாது என்று உட்கார்ந்து படித்தது அப்போதுதான்.

நாங்கள் வேலை செய்கிற ஒரு கிராமத்தில் அங்கன்வாடிக்குத் தண்ணீர்க் குழாய் கிடையாது. ஆயா தெருமுனையிலிருந்து குடத்தில் எடுத்து வருவார், மழை நாளில் அந்த மண் பாதை வழுக்கும், ஒருமுறை குடத்தோடு விழுந்து கை பிசகிவிட்டது. இரண்டு வருடமாக மனு எழுதினோம். ஒன்றிய அலுவலகம், மனுநீதி நாள், ஆட்சியர் அலுவலகம் என்று போகாத இடம் இல்லை. எல்லா இடத்திலும் ரசீது கொடுத்தார்கள், ரசீதைக் கோப்பில் போட்டுவைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை நேரில் நடக்கும் காண்டாக்ட் வகுப்பில் எனக்குப் பின் பெஞ்சில் ஒரு ஊராட்சிச் செயலர் அண்ணன் உட்காருவார். மதியம் சாப்பிடும்போது இந்தக் கதையைச் சொன்னேன். எலுமிச்சைச் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார்: “மனு எத்தனை குடுத்தீங்க மேடம்?” ஏழு என்றேன். “கிராம சபையில தீர்மானம்?” இல்லை என்றேன். “எஸ்டிமேட்?” அதுவும் இல்லை. “அப்ப அந்த பைல்ல எதை வச்சு கையெழுத்துப் போடுவாங்க?” என்றார். அதற்கு மேல் அவர் சொன்னதுதான் எனக்கு அந்த வருடத்தின் பாடம். தீர்மானம், ஓவர்சியர் போடுகிற எஸ்டிமேட், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, பணி உத்தரவு, வேலை நடந்ததும் எம்-புக்கில் (வேலையை அளந்து குறிக்கும் பதிவேடு) அளவு, அப்புறம் பில். இந்தப் படிகளில் ஒன்று விட்டுப்போனாலும் மேசையில் இருப்பவர் நல்லவராக இருந்தாலும் கோப்பு நகராது. பதினைந்தாவது நிதிக்குழு பரிந்துரைத்து மத்திய அரசு ஊராட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 2021 முதல் 2026 வரை 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டிய பணம் என்பது எங்கள் பாடப் புத்தகத்தின் பக்கத்திலேயே இருந்தது, நான்தான் அதை அங்கன்வாடியோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

அடுத்த கிராம சபை மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். (முன்பு வருடத்துக்கு நான்கு சபைதான், 2022இலிருந்து மார்ச் 22ஐயும் நவம்பர் 1ஐயும் சேர்த்து ஆறு.) பதினெட்டுப் பெண்களோடு போய் உட்கார்ந்தோம். எந்த நிதியிலிருந்து என்பதையும் தீர்மானத்திலேயே எழுதச் சொன்னோம். எட்டு மாதத்தில் குழாய் வந்துவிட்டது. முதல் நாள் ஆயா குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் வாளியை நிரப்பி வழிகிற வரைக்கும் மூடாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், தொண்டு நிறுவனங்களில் நாங்கள் பல பேர் அரசு அலுவலகத்தை வெளியே நின்று பார்த்துக் கோபப்பட்டுப் பழகிவிட்டோம். பல நேரம் அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் எந்தத் தாள் இல்லாமல் வேலை நிற்கிறது என்று தெரிந்தால், அந்தத் தாளை நாமே தயார்செய்து கொண்டுபோகலாம்.

சரி, இப்போது குறைகள். பொது நிர்வாகத்தோடு தொண்டு நிறுவன மேலாண்மையும் சேர்த்துச் சொல்லித்தருவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் சேர்ந்தேன். அது கிட்டத்தட்ட இல்லை. ‘தன்னார்வ அமைப்புகளின் பங்கு’ என்று ஒரே ஒரு பாடம், அதுவும் பங்கு, முக்கியத்துவம், சவால்கள் என்று பொதுப்படையாகப் போய்விடுகிறது. சங்கமாகப் பதிவதா, டிரஸ்டாகப் பதிவதா, கம்பெனிச் சட்டம் 8ஆவது பிரிவில் பதிவதா என்பதில் என்ன வித்தியாசம்? 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி வருடா வருடம் என்ன செய்ய வேண்டும்? வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவு எதற்கு? நன்கொடை வாங்கினால் வருமான வரித் துறைக்கு என்ன கணக்கு, கொடுத்தவருக்கு என்ன சான்றிதழ்? ஒன்றும் கிடையாது. சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் நிதி பற்றி ஒரு பத்தி இருந்தது. ஆனால் 500 கோடி நிகர மதிப்பு, 1000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி சராசரி லாபத்தில் 2 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்பதையும், 2021 ஏப்ரலிலிருந்து அந்தப் பணம் வாங்குகிற அமைப்பு முதலில் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிய வேண்டும் என்பதையும் எங்கள் ஆடிட்டர்தான் சொல்லிக்கொடுத்தார்.

எனக்கு மனசு ஆறாத விஷயம் வெளிநாட்டு நிதிச் சட்டம். 2020 செப்டம்பர் திருத்தம் எங்களைப் போன்ற சின்ன அமைப்புகளின் வாழ்வையே மாற்றியது. வெளிநாட்டு நன்கொடை வாங்குகிற பெரிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கக் கூடாது என்று வந்தது, நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது, கணக்கை டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் தொடங்க வேண்டும் என்று ஆனது. சென்னையிலிருந்த ஒரு பெரிய அமைப்பு வழியாக எங்களுக்கு வந்துகொண்டிருந்த பணம் அதோடு நின்றது. நான்கு மாலைநேரப் படிப்பு மையங்களை மூடினோம், அந்தப் பிள்ளைகளின் பெயர்ப் பதிவேடு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இத்தனை பெரிய மாற்றம் நான் சேர்ந்தபோது கொடுத்த புத்தகத்தில் ஒரு வரி கூட இல்லை, பழைய பதிப்பையே அச்சடித்திருந்தார்கள்.

தமிழ்வழிப் புத்தகத்தின் மொழியும் சிரமம்தான். ஒரு வாக்கியம் முக்கால் பக்கம் ஓடும், எழுவாய் எங்கே என்று விரல் வைத்துத் தேட வேண்டும். புரியாத இடத்தில் ஆங்கிலப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன், எனக்கு அதுதான் கைகொடுத்தது.

சேவை என்று பார்த்தால், அனுமதி விறுவிறுவென்று நடந்தது, புத்தகம் தபாலில் ஒழுங்காக வந்தது. அசைன்மென்டுக்கு 30, தேர்வுக்கு 70 மதிப்பெண். நான் நேரில் கொடுத்த இரண்டு அசைன்மென்டின் மதிப்பெண் ஏறவே இல்லை, முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. ஐந்து மாதம் அலைந்தேன். கொடுத்த நாளில் முத்திரை வாங்கிய ரசீது இருந்ததால் தப்பித்தேன். நீங்கள் எங்கே சேர்ந்தாலும் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துவைத்துவிட்டு, முத்திரை இல்லாமல் இடத்தை விட்டு நகராதீர்கள். தேர்வுக் கட்டணம், போக்குவரத்து எல்லாம் சேர்த்து எனக்கு இருபதாயிரத்துக்குச் சற்றே கீழே ஆனது. வேலையை விடாமல் படித்ததைக் கணக்கில் எடுத்தால் இது பெரிய தொகை இல்லை.

இருபத்திரண்டு வயதில், வேலையில்லாமல், தொண்டு நிறுவனத்தில் சேரவேண்டும் என்ற ஆசையோடு இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். அவர்கள் நேரடி வகுப்பில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படிக்கட்டும். 1936இல் தொடங்கிய மும்பை டாட்டா சமூக அறிவியல் கழகம் இருக்கிறது, 1952இல் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி இருக்கிறது, எங்கள் பக்கத்தில் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. களப்பணி அவர்களுக்குக் கட்டாயம், நான் படித்த இந்தக் கரஸ் படிப்பில் அது கிடைக்காது. ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் பொது நிர்வாகத்தை விருப்பப்பாடமாக எடுக்கிறவர்கள் என் வகுப்பில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், அவர்கள் திருப்தியாகத்தான் படித்தார்கள்.

ஐந்து வருடமாவது களத்தில் நடந்தவர்கள், ஒன்றிய அலுவலகப் படியேறி இறங்கியவர்கள், மகளிர் குழுக் கூட்டமைப்பில் பொறுப்பில் இருப்பவர்கள், இவர்கள் தயங்காமல் கட்டலாம். சேர்வதற்கு முன் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தப் பாடத்துக்கு, அந்த வருடத்துக்கு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைநிலைக் கல்விப் பிரிவின் அனுமதி இருக்கிறதா என்று அவர்களுடைய தளத்திலேயே பாருங்கள், ஏஜென்ட் பேச்சை நம்பாதீர்கள். ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு முறை சேர்க்கை இருக்கும். காண்டாக்ட் வகுப்பு கட்டாயமில்லை என்றாலும் போங்கள், பின் பெஞ்சில் யார் உட்கார்ந்திருப்பார் என்று சொல்ல முடியாது.

என் புத்தகங்களைக் கட்டி அலுவலகத்தில் வைத்திருக்கிறேன், எங்கள் பக்கத்துப் பெண்கள் யார் கேட்டாலும் தருவேன். தன்னார்வ அமைப்புகள் பாடத்தின் ஓரத்தில் 2020 திருத்தத்தையும் சி.எஸ்.ஆர்.-1 விவரத்தையும் பென்சிலில் எழுதியிருக்கிறேன், அதை மட்டும் அழித்துவிடாதீர்கள்.