மூன்று வருஷம் ரோவரோடு: திரையில் ‘ஃபிக்ஸ்’ வந்தால் நம்பலாமா?

போன வாரம் என் ஆர்டிகே ரோவர் (சாட்டிலைட் சிக்னலை வைத்து நிலத்தில் ஒரு புள்ளியின் இடத்தைச் செ.மீ. கணக்கில் சொல்லும் சர்வே கருவி) சர்வீஸ் முடிந்து திரும்பி வந்தது. அன்றைக்கே நண்பன் போன் செய்து, “டோட்டல் ஸ்டேஷனைக் கொடுத்துட்டு ஆர்டிகே வாங்கலாம்னு இருக்கேன், நீ என்ன சொல்றே?” என்றான். நல்ல நேரம் பார்த்துத்தான் கேட்டான். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். வெட்டவெளியில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. டோட்டல் ஸ்டேஷன் என்பது குறிபார்த்துக் கோணமும் தூரமும் அளக்கும் கருவி. அதற்கு ஸ்டாண்ட் போட்டு, மட்டம் பிடித்து, தெரிந்த புள்ளி ஒன்றைத் திரும்பிக் குறிபார்த்து, ப்ரிசம் பிடிக்க ஒரு ஆளை அனுப்பி, நடுவில் லாரி வந்து நின்றால் அது போகும்வரை காத்திருக்கும் கதையெல்லாம் இதில் இல்லை. ரோவர் மாட்டிய கம்பமும், திரையுள்ள கண்ட்ரோலருமாக நான் ஒருவனே ஒரு லே-அவுட் முழுவதையும் நடந்து முடித்திருக்கிறேன். அதைவிடப் பிடித்தது சாய்வு சென்சார். சுவர் மூலையில் நுனியை வைத்துக் கம்பத்தைச் சாய்த்துப் பிடித்தாலும் மூலையின் புள்ளி கிடைத்துவிடும். (சாய்வு கூடினால் பிழையும் கொஞ்சம் கூடும்.) சும்மா நின்றால் சென்சார் தூங்கிவிடும், கம்பத்தை முன்னும் பின்னும் ஆட்டி எழுப்ப வேண்டும். பார்க்கிறவர்களுக்கு எனக்குச் சாமி வந்த மாதிரி இருக்கும். அது போகட்டும்.

என் எரிச்சலெல்லாம் திரையில் பச்சையாக வரும் அந்த ஒரு வார்த்தை மேல்தான்: ஃபிக்ஸ்.

சாட்டிலைட்டுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் எத்தனை முழு அலைகள் என்று ரோவர் கணக்குப் போடுகிறது. ‘எண்ணிக்கை கிடைத்துவிட்டது’ என்று அது சொல்வதுதான் ஃபிக்ஸ். ஜிபிஎஸ் அனுப்பும் அலைகளில் ஒன்றான எல்1-இன் நீளம் சுமார் 19 செ.மீ. எண்ணிக்கை சரியாக அமைந்தால் புள்ளி 1, 2 செ.மீ.க்குள் வந்துவிடும். பிசகினால் ஜாண் கணக்கில் தள்ளிப்போகும். கண்ணாடிச் சுவர், தகரக் கூரை பக்கம் சிக்னல் முட்டித் திரும்பி வரும் இடங்களில் இந்த ஆபத்து அதிகம். பிசகியபோதும் திரையில் அதே பச்சை, அதே ‘துல்லியம் 0.011’ மீட்டர்!

கண்ணாடிக் கட்டடம் ஒன்றை ஒட்டிய சைட்டில் தூண் வரும் இடங்களைக் குறிக்கும் வேலை. நாலு முளை அடித்தேன். மேஸ்திரி எப்போதும்போல் டேப்பை எடுத்து மூலைக்கு மூலை பிடித்தார். “சார், ஒரு பக்கம் ஒரு ஜாண் அதிகமா வருதே?” நான் கண்ட்ரோலரைக் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. டேப்பை மறுபடி பிடித்துக் காட்டினார். 23 செ.மீ. நல்லவேளை, குழி தோண்டவில்லை.

சைட்டிலாவது டேப் பிடிக்க மேஸ்திரி இருக்கிறார். ட்ரோன் சர்வேக்குத் தரையில் கட்டுப்பாட்டுப் புள்ளி (படங்களை நிலத்தோடு பொருத்த உதவும் அடையாளம்) எடுக்கும்போது யார் பிடிப்பது? அது பிசகினால் சுற்றியுள்ள வரைபடமே இழுபடும். அந்த வரைபடத்தின் மேல்தான் நாளைக்குச் சாலைக்கோடு போடுகிறார்கள்.

சர்வீசுக்கு அனுப்பியதே இதற்காகத்தான். ‘வெட்டவெளியில் சோதித்தோம், குறை இல்லை’ என்று சீட்டு எழுதித் திருப்பிவிட்டார்கள். வெட்டவெளியில் குறை என்று யார் சொன்னது? கூடவே பேட்டரி மூடியை மாற்றியிருக்கிறார்கள். நான் கேட்கவில்லை, ஆனால் நன்றாக மூடுகிறது.

இப்போதெல்லாம் காலையில் முதல் வேலையாக, இடம் ஏற்கெனவே சரியாகத் தெரிந்த புள்ளி ஒன்றில் ரோவரை வைத்துப் பார்க்கிறேன். முக்கியமான புள்ளி என்றால் ஃபிக்ஸை வேண்டுமென்றே அறுத்துவிட்டு, மறுபடி பிடித்தபின் இன்னொரு தடவை எடுக்கிறேன். சாட்டிலைட்டுகள் இடம் மாறட்டும் என்று அரை மணி பொறுத்து எடுத்தால் இன்னும் நல்லது. இரண்டும் ஒத்துவந்தால்தான் முளை. உயர வித்தியாசம் பார்க்க இன்றைக்கும் ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவிதான். ரோவர் நேரடியாகத் தரும் உயரம் பூமியை ஒரு கணித உருவமாக வைத்து அளந்தது, தண்ணீர் அதைப் பார்த்து ஓடாது.

நண்பனிடம் “வாங்காதே” என்றேன்.

“அப்ப உன்னோடதை எனக்குத் தந்துடு.”

நாளைக்குக் காலையில் ஒரு லே-அவுட் வேலை இருக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.