குடும்பப் படத்துக்கு ஆடை ஆலோசனை: மதுரை ஸ்டூடியோ ஒன்றில் 1,500 ரூபாய்க்குக் கிடைத்தது

அப்பாவின் சஷ்டியப்தபூர்த்திக்கு மண்டபத்தில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் ஒன்றில்கூட வீட்டார் ஒன்பது பேரும் ஒருசேர நேராகப் பார்க்கவில்லை என்பது ஆல்பம் கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அதனால் மதுரை அண்ணா நகர்ப் பக்கம் உள்ள ஒரு ஸ்டூடியோவில் தனியாகக் குடும்பப் படம் எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தோம். படப்பிடிப்புக்கும், சட்டமிட்ட 12×18 அங்குலப் பிரதி ஒன்றுக்கும் சேர்த்து 9,500 ரூபாய். யார் எதை உடுத்துவது என்று சொல்லித்தரும் ‘ஆடை ஆலோசனை’க்குத் தனியாக 1,500 ரூபாய். படங்களின் தரத்தில் எனக்குக் குறை எதுவும் இல்லை. துணி எடுத்துக் கட்டத் தெரியாதவர்களா நாம், இதற்கு ஒரு கட்டணமா என்று என் கணவர் கேட்ட அந்த 1,500 ரூபாயைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

ஆலோசனை இரண்டு கட்டமாக நடந்தது. முதல் கட்டம் வீண். பணம் கட்டிய அன்று மாலை வாட்ஸ்அப்பில் ஒரு வண்ண அட்டவணை வந்தது. கோதுமை நிறம், சாம்பல், வெளுத்த ஜீன்ஸ் நீலம் என்று வரிசையாகச் சதுரங்கள், அவற்றுக்குக் கீழே ஸ்வெட்டர் அணிந்து கடற்கரையில் நிற்கும் ஏதோ ஒரு வெளிநாட்டுக் குடும்பம். ஆண்கள் அனைவரும் ஒரே நிற ஜிப்பா அணியலாம் என்ற குறிப்பும் இருந்தது. அப்பா அதைப் படித்துவிட்டு, “நான் எந்தக் காலத்துலம்மா ஜிப்பா போட்டேன்? அறுபது வயசுல எனக்கு யூனிஃபார்மா?” என்று கைப்பேசியைத் திருப்பித் தந்துவிட்டார். அம்மாவின் பீரோவில் இருப்பவை அரக்கு, மயில்கழுத்து, மாந்துளிர், பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் எம்.எஸ். புளூ ஆகியவை, கோதுமை நிறத்தில் அங்கே இருப்பது பழைய உள்பாவாடை ஒன்றுதான். நம் தோல் நிறத்துக்கு அழுத்தமான வண்ணங்கள் நன்றாக எடுக்கும் என்பது மூன்று தலைமுறைக் கல்யாணப் படங்களைப் பார்த்தாலே விளங்கும். வேறு யாருக்காகவோ தயாரித்த அட்டவணையை அப்படியே அனுப்பிவிட்டு அதை ஆலோசனை என்று சொல்வது சரியில்லை. ஸ்டூடியோக்காரரிடமும் இதைச் சொன்னேன்.

இரண்டாம் கட்டத்தில்தான் பணத்துக்கு மதிப்புக் கிடைத்தது. வார நாளில் காலை 11 மணி முதல் 1 மணிக்குள், உடுத்த நினைக்கும் துணிகளை எடுத்துக்கொண்டு நேரில் வரச் சொன்னார்கள். அங்கே இருந்த உதவியாளர் இளைஞர். ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி, அந்த ஒரு மணி நேரத்தில் கேட்ட எல்லாவற்றிலும் நல்ல கேள்வி. “இதுல எந்தச் சேலையை மாத்தவே முடியாதுக்கா?” என்றார். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அம்மா 1988-இல் தன் கல்யாணத்துக்குக் கட்டிய அரக்கு நிறக் காஞ்சிப் பட்டு, கடுகு மஞ்சள் கரை. அதைத்தான் கட்டுவேன் என்று அம்மா முன்பே சொல்லியிருந்தார். அப்படியானால் அந்தச் சேலையை நடுவில் வைத்து, மற்ற எட்டுப் பேருக்கும் அதன் உடலிலிருந்தோ கரையிலிருந்தோ ஜரிகையிலிருந்தோ ஒரு நிறத்தை எடுத்துக்கொள்ளலாம், யாரும் யாரோடும் அச்சாகப் பொருந்த வேண்டியதில்லை என்றார் அவர். அனுப்பிய அட்டவணைக்கு இது நேர் எதிர் என்பதை நான் சுட்டிக்காட்டியபோது சிரித்துவிட்டு, “அது ஆபீஸ்ல அனுப்புறது” என்றார்.

சேலையை மேசையில் விரித்துப் பார்த்தபோது, பல ஆண்டுகள் ஒரே மடிப்பில் இருந்ததால் முந்தியை ஒட்டி ஓரிடத்தில் பட்டு விட்டுப்போயிருந்தது தெரிந்தது. அம்மாவின் முகம் வாடிவிட்டது. உதவியாளர் அந்த இடத்தை விரலால் அளந்து பார்த்து, முந்தியைச் சிறு மடிப்புகளாக எடுத்துத் தோளில் குத்தினால் விட்டுப்போன இடம் உள்ளே போய்விடும், ஆனால் இழுத்துக் குத்தக்கூடாது என்று காட்டினார். ஜரிகை கறுத்துவிட்டதே என்ற அம்மாவின் இன்னொரு கவலைக்கு அவர் சொன்ன பதில் எனக்குப் புதிது. வெள்ளி இழை நாளாவட்டத்தில் கறுப்பது இயல்பு. படத்துக்கு அது நல்லதும்கூட, ஏனென்றால் புது ஜரிகை ஃபிளாஷ் ஒளியை அப்படியே திருப்பியடித்து, வேலைப்பாடு எதுவும் தெரியாத வெள்ளைப் பட்டையாக விழுந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க என்னுடைய இரண்டு வருடப் பட்டுச் சேலையையும் அதே விளக்கில் ஒரு படம் எடுத்துத் திரையில் காட்டினார். என் சேலையின் கரையில் இருந்த அன்னப்பட்சிகள் காணாமல் போயிருந்தன. அந்தச் சேலையை மடித்து மறுபடி பைக்குள் வைத்துவிட்டேன்.

தம்பி மனைவிக்குக் காரைக்குடிப் பக்கம் பிறந்த வீடு. அவள் கொண்டுவந்திருந்த செட்டிநாட்டுக் கண்டாங்கி, கடுகு நிறத்தில் அரக்குக் கரை போட்டது, அம்மாவின் சேலையைத் திருப்பிப் போட்டதுபோல் தற்செயலாக அமைந்துவிட்டது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பருத்திச் சேலை, பட்டுக்குப் பக்கத்தில் எடுபடுமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. பெரிய கட்டமும் அகலமான கரையும் தூரத்திலிருந்து எடுக்கும் குழுப் படத்தில் தெளிவாக நிற்கும், நுணுக்கமான வேலைப்பாடுதான் அங்கே கரைந்துபோகும் என்றார்கள். படத்திலும் அப்படியே இருந்தது. ஒரே நிபந்தனை: கஞ்சி போட்ட புதுச் சேலையாகக் கட்டினால் உட்காரும்போது மடிப்பு விறைத்து ஆளை இரண்டு மடங்காகக் காட்டும், ஆகவே இரண்டு முறை அலசிவிட்டுக் கட்ட வேண்டும்.

ஆண்களின் உடை விஷயத்தில் நாங்கள் எல்லோரும் அசட்டையாக இருந்தோம், பிழைகளும் அங்கேதான் இருந்தன. தம்பி கொண்டுவந்த சட்டை, கண்ணுக்கு வெளிர் நீலமாகத் தெரியும் அளவுக்கு மெல்லிய கோடு போட்டது. சோதனைப் படத்தில் அந்தச் சட்டை முழுவதும், தண்ணீரில் எண்ணெய் மிதப்பதுபோல வளைவளைவாக நிறங்கள் ஓடின. துணியின் கோடுகளும் கேமரா சென்சாரின் புள்ளி வரிசையும் ஏறக்குறைய ஒரே நெருக்கத்தில் அமைந்து ஒன்றோடொன்று மோதுவதால் வருவது இது, மொய்ரே என்பார்கள். பிறகு கணினியில் நீக்குவது பெரும்பாடு. அடுத்தது வேட்டி. அப்பாவின் பருத்தி வேட்டி சொட்டு நீலம் போட்டு வெளுத்தது, என் கணவருடையது பட்டு வேட்டி. வீட்டில் இரண்டும் வெள்ளைதான். திரையில் ஒன்று நீலம், மற்றது தந்தம். சலவைத்தூளில் உள்ள வெண்மையூட்டிகள் புற ஊதாக் கதிர் பட்டால் நீலமாக ஒளிரும் தன்மையுள்ளவை, ஃபிளாஷில் அந்தக் கதிரும் உண்டு என்று உதவியாளர் விளக்கினார். ஆகவே அப்பாவுக்கும் ஒரு பட்டு எட்டு முழ வேட்டியும் சந்தன நிற அரைக்கைச் சட்டையும் எடுக்க வேண்டியதாயிற்று. சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் பேனா, கைப்பேசி, நான்காக மடித்த ஐந்நூறு ரூபாய்த் தாள் ஆகியவற்றை எடுத்துவிடச் சொன்னதற்குத்தான் அப்பா அதிகம் முகம் சுளித்தார்.

புதிதாக வாங்கப் போனபோது இந்த ஒரு மணி நேரப் பாடம் உடனே உதவியது. கடைக்குள் விளக்கில் சந்தனமாகத் தெரிந்த சட்டைத் துணி, வாசலுக்குக் கொண்டுவந்து பார்த்தபோது இளஞ்சிவப்பு ஏறியிருந்தது. அந்தக் காலத்தில் பாட்டி ஒவ்வொரு சேலையையும் கடை வாசல் வரை தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்ததைக் கேலி செய்திருக்கிறோம். நான் நான்கு துணிகளைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைப் பையன் பின்னாலேயே வந்தான்.

குழந்தைகளுக்கான வாடகை உடைகளில்தான் எனக்கு உண்மையான மனக்குறை. ஓர் உடைக்கு 400 ரூபாய் வாங்கிக்கொண்டு என் மகளுக்குத் தந்த பட்டுப் பாவாடைச் சட்டையின் உள்பக்கம் ஜரிகை முனைகள் வெட்டப்படாமல் நீட்டிக்கொண்டிருந்தன. அரை மணி நேரத்தில் அவள் கழுத்தைச் சுற்றிச் சிவந்து தடித்துவிட்டது. தம்பியின் ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் கொடுத்த பாவாடையோ கிளிப்பச்சை. அம்மா மடியில் உட்கார்ந்தபோது அதன் பச்சை குழந்தையின் தாடையிலும் அம்மாவின் கையிலும் சாயம் பூசியதுபோல் எதிரொளித்தது. ஒளி பட்டால் துணி என்ன செய்யும் என்று அவ்வளவு விவரமாகச் சொன்னவர்களே வாடகை அலமாரியில் அந்த நிறத்தை வைத்திருந்தது வியப்பு. கடைசியில் வீட்டிலிருந்து எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துப்போயிருந்த, பலமுறை துவைத்து மெத்தென்றாகிவிட்ட மாம்பழ நிறப் பருத்திக் கவுனைப் போட்டுவிட்டோம். என் மகனுக்குத் தந்த ஒட்டிக்கோ வேட்டி மட்டும் பரவாயில்லை. ஓடி ஆடியும் அவிழவில்லை. என்றாலும் அடுத்த முறை வாடகை உடைப் பக்கமே போகமாட்டேன்.

கால்களைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. எல்லோரும் வெறுங்காலுடன் நிற்கும் முழு உயரப் படம் இரண்டு எடுத்தார்கள். ஆண்கள் மூவரின் கணுக்காலிலும் காலுறைத் தடம் பதிந்திருந்ததால் அது மறையும் வரை இருபது நிமிடம் காத்திருந்தோம். இஸ்திரிப் பெட்டியும் அங்கே ஒன்றுதான், அதற்கும் வரிசை. ஒன்பது பேராகப் போகிறவர்கள் துணியைத் தேய்த்து, மடிக்காமல் ஹேங்கரில் மாட்டிக் கொண்டுபோவது நல்லது.

நேரில் நடக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு 1,500 ரூபாய் தகும் என்பது என் கருத்து. கணவரும் இப்போது மறுக்கவில்லை. குடும்பத்தில் எல்லோருக்கும் விடுப்பு எடுக்க முடியாவிட்டால் துணிகளோடு ஒருவர் போனாலும் போதும். ஆனால் படப்பிடிப்புக்குப் பத்து நாள் முன்னதாகவே போய்விட வேண்டும். நாங்கள் நான்கு நாள் முன்புதான் போனோம். அப்பாவின் சட்டை தையற்காரரிடமிருந்து படப்பிடிப்பு அன்று காலை ஒன்பது மணிக்கு, பொத்தான் ஒன்று குறைவாக வந்து சேர்ந்தது.