65, 70, 76, 89: 12 போர் துப்பாக்கியில் எந்த நீளத் தோட்டா?

12 போர் என்பது குழலின் அகலக் கணக்கு மட்டுமே. தோட்டா உட்காரும் சேம்பரின் நீளம் தனிக் கணக்கு. பெரும்பாலும் நான்கு அளவுகள் புழக்கத்தில் உள்ளன: 65 மி.மீ. (இரண்டரை அங்குலம்), 70 (இரண்டே முக்கால்), 76 (மூன்று), 89 (மூன்றரை). நீளமான சேம்பரில் குட்டையான தோட்டாவைப் போடலாம், குட்டையான சேம்பரில் நீளமானதைப் போடக்கூடாது. இது துப்பாக்கி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். போட்டால் உள்ளே போகாது என்று நினைப்பதுதான் தவறு. சுகமாகப் போய்விடும்.

பெட்டியில் அச்சிட்டிருப்பது சுட்ட பிறகு வாய் விரிந்த தோட்டாக் கூட்டின் நீளம். சுடாத தோட்டாவின் வாய் நட்சத்திர மடிப்பாக உள்ளே மடிந்திருக்கும். 76 தோட்டா மடிப்போடு 65 மி.மீ. அளவில்தான் இருக்கும், 70 சேம்பரில் தடையில்லாமல் இறங்கும், துப்பாக்கியும் ஒழுங்காக மூடும். சுடும்போது மடிப்பு விரிய இடம் இருக்காது. சேம்பர் முடிந்து குழல் குறுகத் தொடங்கும் கூம்புப் பகுதிக்குள் கூட்டின் வாய் போய் நெருக்கும். ரவையும் (கூட்டில் அடைத்திருக்கும் சிறு குண்டுகள்) அதன் பின்னால் உள்ள அடைப்பானும் அந்த நெருக்கலுக்குள் பிதுங்கிக்கொண்டு வெளியேற வேண்டியிருப்பதால் அழுத்தம் ஏறிவிடும். அமெரிக்கத் தரத்தில் 70, 76 இரண்டுக்கும் உச்சவரம்பு ஒன்றே, சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. “வரம்பு ஒன்றென்றால் மாற்றிப் போட்டால் என்ன?” என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அந்த வரம்பு அந்தந்தத் தோட்டாவுக்கு உரிய சேம்பரில்தான் செல்லும். பல முறை சுட்டும் ஒன்றும் ஆகவில்லை என்பதும் சான்றாகாது. ஒவ்வொரு சூட்டிலும் பூட்டும் கீலும் தளர்ந்துகொண்டிருக்கலாம்.

பழைய பிரிட்டிஷ் இரட்டைக் குழல் துப்பாக்கிகளுக்கு இந்தக் கவலை அதிகம். பாட்டன் காலத்தில் உரிமத்தோடு வந்தவை பல நம் நாட்டிலும் இருக்கின்றன. அவற்றில் 65 சேம்பர் சகஜம். துப்பாக்கிக் குழலின் வலுவைச் சோதிக்கும் லண்டன், பர்மிங்காம் சோதனை மன்றங்களின் முத்திரையைக் குழலின் அடிப்பக்கத்தில் பார்க்கலாம். பிரிட்டனில் 67 மி.மீ. கூட்டில் அடைத்து, ‘65 சேம்பருக்கும் ஏற்றது’ என்று பெட்டியிலேயே அச்சிட்டு விற்கிறார்கள். அழுத்தத்தைக் குறைத்துத் தயாரித்தவை அவை. அப்படி எழுதாத 70 தோட்டாவை 65 துப்பாக்கியில் போடாதீர்கள். இன்னொன்று, முத்திரை 65 என்று சொன்னாலும் பின்னாளில் யாராவது சேம்பரைக் கடைந்து நீட்டியிருக்கலாம். அப்படிச் செய்தால் அந்த இடத்தில் குழல் சுவர் மெலிந்துபோகும். துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் அளவுகோல் விட்டுப் பார்க்கச் சொல்லாமல் பழைய துப்பாக்கி வாங்குவது எனக்கு உடன்பாடில்லை.

புதிதாக வாங்குபவருக்கு 70-ஆ, 76-ஆ? 76 சேம்பர்தான். 70 தோட்டாவும் அதில் செல்லும் என்பதால் இழப்பு எதுவும் இல்லை. வானில் எறியும் களிமண் தட்டைச் சுடுபவருக்கு 70 தோட்டாவே போதும். ஒலிம்பிக் டிராப், ஸ்கீட் போட்டிகளில் அனுமதிப்பதே 24 கிராம் ரவைதான். அப்படிப்பட்டவர் 76 தோட்டா வாங்கினால் தோள் வலிக்கும், பணமும் கரையும்.

89-இன் கதை வேறு. 1988-இல் அமெரிக்காவின் ஃபெடரல் தோட்டா நிறுவனமும் மாஸ்பெர்க் துப்பாக்கி நிறுவனமும் சேர்ந்து இதைக் கொண்டுவந்தன. நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்குப் படிப்படியாக வந்த தடை 1991-இல் அங்கே நாடு முழுதும் அமலானது. மாற்றாக வந்த எஃகு ரவை ஈயத்தைவிட இலேசு. அதே வலுவோடு தொலைவில் தாக்க ரவை பெரிதாக வேண்டும், ரவை பெரிதானால் கூட்டில் இடமும் கூடுதலாக வேண்டும். அந்தத் தேவைக்குப் பிறந்ததுதான் 89. அழுத்த வரம்பும் 14,000 பவுண்டாக உயர்ந்தது. கனடா வாத்துகளைத் துரத்தும் அமெரிக்க வேட்டைக்காரருக்கு அதில் நியாயம் இருக்கலாம், மற்றவர்களுக்கு உதை மட்டுமே மிச்சம். தானியங்கி வகை என்றால் இன்னொரு தொல்லையும் வரலாம்: 89-ஐத் தாங்கும்படி அமைத்த இயக்கத்துக்கு இலேசான 70 தோட்டாவின் விசை போதாமல், வெற்றுக்கூடு வெளியேறாமல் சிக்கும். சேம்பரில் சேர்வது வேறு, துப்பாக்கி ஓடுவது வேறு.

44 மி.மீ. குட்டித் தோட்டாக்களுக்கும் இதே கதிதான். முன்பிடியை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப் வகை பலவற்றில் ஏறாமல் முரண்டு பிடிக்கும். இரட்டைக் குழலில் கையால் போட்டால் ஒழுங்காகச் சுடும்.

போர் மாறிப்போனால் நிலைமை இதைவிட மோசம். 20 போர் தோட்டா 12-ஐவிடக் குறுகலானது. அது 12 போர் குழலுக்குள் நழுவி, சேம்பரைத் தாண்டிக் கூம்பில் சிக்கி நிற்கும். பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டு மூடவும் இடம் இருக்கும். சுட்டால் குழல் வெடித்து, தாங்கிப் பிடித்த கை சிதையும். அமெரிக்காவில் 20 போர் கூடுகளுக்கு மஞ்சள் நிறம் கொடுத்தது இதற்காகத்தான். ஒரே பையில் இரண்டையும் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.